தறி செய்தவர் செய்த கார்

சயானுக்குத் தெற்கே ஆட்டோ ரிக்‌ஷா ஓடக்கூடாது என்பது மும்பை நகரத்து விதி. ஆதலால் மாட்டுங்கா நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கும் நம்மவர்க்கு டாக்சியே துணை. நம் தந்தையர் காலத்தில் டாக்சி என்றால் அது பத்மினி. உருண்டை விளக்குகள், ஸ்டியரிங்கின் அருகிலேயே கியர், ஓட்டுநரோடு இன்னும் இருவர் நெருங்கி உட்காரலாம் என்னும்படியான நீண்ட முன்னிருக்கை, கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. இன்றும் கறுப்பும் மஞ்சளும் மாறவில்லை. ஆனால் அந்நிறங்களைப் பூசிக்கொண்டு நிற்பவற்றுள் பல, ஜப்பானிய சுஸுகியின் பெயரைத் தாங்கிய வாகன்-ஆர், ஈகோ போன்ற வண்டிகள்.

பத்மினி நம் பக்கத்து வீட்டுப் பிள்ளை. செம்பூருக்கு அண்டையிலுள்ள குர்லாவில், வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் பிறந்தது. சுஸுகி பிறந்ததோ கடல் கடந்த ஹமமாட்சு என்னும் ஊரில். வீட்டுப் பிள்ளை இருந்த இடத்தை வெளியூர்ப் பிள்ளை எப்படிப் பிடித்தது? "ஜப்பான்காரன் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது நம்மில் பலர்க்கு வழக்கம். அது விடையன்று, விடை தேடச் சோம்பல்படுவதன் அடையாளம். இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால் முதலில் நெசவுத் தறியிலிருந்து தொடங்க வேண்டும்.

மிச்சியோ சுஸுகி 1887-இல் பருத்தி விளையும் ஊரில் பிறந்தவர். தச்சுத் தொழில் பயின்றவர். 1909-இல் ஹமமாட்சுவில் தறி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். தம் தாயார் எளிதாக நெய்யும் பொருட்டே முதல் தறியைச் செய்தார் என்று கூறுவர். 1920-இல் பட்டறை கம்பெனியாயிற்று. முப்பதுகளிலேயே கார் செய்யும் ஆசை அவருக்கு வந்தது. உலகப்போர் அதைக் கெடுத்தது. போர் முடிந்து மீண்டும் தறியே சோறு போட்டது. 1951-இல் பருத்தித் தொழிலில் வீழ்ச்சி ஏற்பட்டது; தறி வாங்க ஆளில்லை. அந்த நெருக்கடியில்தான் கம்பெனி மோட்டாரின் பக்கம் திரும்பியது. 1952-இல் சைக்கிளோடு பூட்டக்கூடிய 36 சி.சி. எஞ்சின், 1954-இல் சுஸுகி மோட்டார் கம்பெனி என்ற புதுப்பெயர், 1955-இல் சுஸுலைட் என்ற முதல் கார். மூன்றே ஆண்டில் சைக்கிளிலிருந்து காருக்கு!

அந்த முதல் காரின் எஞ்சின் அளவு 360 சி.சி. ஏன் அத்தனை சிறிது? இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ஜப்பானிய அரசு 'கெய்' என்றொரு சிறு வண்டி வகுப்பை ஏற்படுத்தி, இன்ன நீளம், இன்ன எஞ்சின் அளவுக்கு மேற்படாத வண்டிக்கு வரிச்சலுகை என்று விதித்திருந்தது. எல்லை அப்போது 360 சி.சி.; 1976-இல் 550 ஆயிற்று; 1990-இல் 660. சட்டம் போட்ட கோட்டுக்குள் நான்கு பேரை உட்காரவைக்க வேண்டும். எஞ்சினை நீளவாக்கில் வைத்து, அதிலிருந்து பின்சக்கரம் வரை ஓர் இரும்புத் தண்டை ஓட்டினால் ஆள் உட்காரும் இடம் குறையும். எனவே எஞ்சினைக் குறுக்காக முன்னால் வைத்து, முன்சக்கரங்களையே இயக்கும் முறை சிறு கார்களில் வேரூன்றியது. ஜெர்மானிய லாயிட் காரைப் பார்த்துக் கற்றுச் செய்த சுஸுலைட்டும் முன்சக்கர இயக்கம் கொண்டதே. 1979-இல் ஆல்ட்டோ என்ற காரை 4,70,000 யென் விலைக்குச் சுஸுகி விற்றபோது, அதைச் சரக்கு வண்டி வகுப்பில் பதிவாகும்படி அமைத்து இன்னொரு வரியையும் தவிர்த்தது. மிச்சியோவின் பேத்தியை மணந்து அக்குடும்பப் பெயரையே ஏற்றுக்கொண்ட ஒசாமு சுஸுகி, 1978-இல் தலைவரான உடனே நடத்திய திருவிளையாடல் இது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1980-ஐ ஒட்டி இந்தியாவில் ஆண்டுக்கு விற்ற கார்கள் ஏறத்தாழ நாற்பதினாயிரமே. வங்காளத்தில் அம்பாசடர், பம்பாயில் பத்மினி, சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட். மூன்று கம்பெனி, மூன்றும் பழைய ஐரோப்பிய வார்ப்பு. பத்மினியின் மூலம் ஃபியட் 1100. அது 1964-இல் இங்கு 'டிலைட்' என்ற பெயரில் வந்து, 1974-இல் பத்மினி என்று பெயர் மாறியது. பெயர் மாறியதே தவிர வண்டி மாறவில்லை. மாறவேண்டிய தேவையும் இல்லை. வாங்குவோர் வரிசையில் ஆண்டுக் கணக்கில் நின்றார்கள்.

1971-இல் சஞ்சய் காந்தி தொடங்கிய மாருதி கம்பெனி கார் எதையும் ஒழுங்காக வெளியிடாமலே மூடப்பட்டது. அரசு அதை எடுத்துக்கொண்டு 1981-இல் மாருதி உத்யோக் என்று புதிதாக அமைத்தது. அதனை நடத்த அழைக்கப்பட்டவர், தஞ்சை மண்ணில் பிறந்தவரும் பெல் நிறுவனத்தை நடத்திப் புகழ் பெற்றவருமான வி. கிருஷ்ணமூர்த்தி. பல நாட்டுக் கம்பெனிகளின் கதவுகளைத் தட்டியபின், 1982 அக்டோபரில் சுஸுகியோடு ஒப்பந்தமாயிற்று. சுஸுகி 26 விழுக்காடு பங்கு எடுத்தது. அதே 1982-இன் ஜனவரி 18 அன்றுதான் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது; அதற்குப் பிறகு இந்நகரத்துத் தறிகளின் ஓசை பழையபடி எழவேயில்லை. தறி முடங்கியதும் மோட்டாருக்கு மாறிய ஜப்பானிய ஊரையும், தறி முடங்கியதும் வெறுங்கையோடு நின்ற பம்பாயின் ஆலைப் பகுதியையும் சேர்த்து எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1983 டிசம்பர் 14 அன்று குர்கானில் முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. பத்மினிக்கு நான்கு சிலிண்டர், 1089 சி.சி. இரண்டின் குதிரைத்திறனும் நாற்பதை ஒட்டியே. அப்படியானால் வேறுபாடு எங்கே? எடையில்! பத்மினி ஏறத்தாழ 900 கிலோ. மாருதியோ 650 கிலோவை ஒட்டியது. ஒரே வலிமையுள்ள இருவரில் ஒருவர் தலையில் கால் பங்குக்கு மேல் சுமை குறைந்தால் யார் விரைந்து நடப்பார், யார் குறைவாக உண்பார் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. பத்மினி லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய ஊரில் மாருதி பதினைந்துக்கு மேல் ஓடியது.

ஆனால் எடையும் எஞ்சினும் மட்டுமே காரணம் என்று முடித்துவிட்டால் தவறிழைப்போம். ஜப்பானிய எஞ்சின் நம் குர்லாவுக்கும் வந்தது! 1985-இல் பிரீமியர் வெளியிட்ட 118 என்.இ. என்ற காரில் இருந்தது நிஸ்ஸான் எஞ்சின், 'என்.இ.' என்பதே அதைத்தான் குறிக்கிறது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் கான்டெஸ்ஸாவிலும், 1990-களில் அம்பாசடரிலும் இசூசு எஞ்சினைப் பொருத்தியது. சென்னை ஸ்டாண்டர்டோ பிரிட்டிஷ் ரோவரின் உடம்பை வாங்கித் தன் பழைய எஞ்சினை வைத்து 'ஸ்டாண்டர்ட் 2000' என்று 1985-இல் வெளியிட்டது. மூன்றாண்டில் ஆலையே மூடியது. எஞ்சின் வாங்கியவரும் உடம்பு வாங்கியவரும் தோற்றார்கள். குர்கானில் நடந்தது வேறு. அங்கே சுஸுகியிடம் வாங்கியது கார் செய்யும் முறையை.

அம்முறை பார்வைக்கு மிக எளிது. தலைவர் முதல் கடைசித் தொழிலாளி வரை ஒரே சீருடை, ஒரே உணவுக்கூடம், ஒரே வரிசை. அதிகாரிக்கென்று தனி அறை கிடையாது. திறந்த கூடத்தில் மேசைகள். காலையில் வேலைக்கு முன் உடற்பயிற்சி. பிழையைக் கடைசியில் தேடாமல், பிழை தோன்றிய இடத்திலேயே நிறுத்தித் திருத்துதல். உதிரிப்பாகம் செய்து தருவோரையும் அம்முறைக்குப் பழக்குதல். தொழிலாளர் பலரை ஜப்பானுக்கே அனுப்பிப் பயிற்றினார்கள். தொடக்கத்தில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டியே கார் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி பாகங்களை இங்கேயே செய்யவேண்டும் என்பது அரசின் நிபந்தனை. இந்தியாவில் உதிரிப்பாகத் தொழில் வளர்ந்தது பெரும்பாலும் அந்த நிபந்தனையின் நெருக்குதலால்தான். நம் ஓசூரும் இந்தக் கதையில் உண்டு. டி.வி.எஸ். குழுமம் இதே சுஸுகியோடு கைகோத்து 1984-இல் இண்ட்-சுஸுகி 100 சி.சி. மோட்டார் சைக்கிளை அங்கிருந்து வெளியிட்டது. 2001-இல் இருவரும் பிரிந்தனர், கற்றுக்கொண்ட டி.வி.எஸ். தானே நின்றுவிட்டது. இதைத்தான் கல்வி என்பது.

கட்டுரைக்காகச் சிலரைக் கண்டு பேசினேன். மாட்டுங்காவில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர். 1983-இல் பத்தாயிரம் ரூபாய் கட்டி மாருதிக்குப் பதிவு செய்தவர். பதிந்தோர் ஒரு இலட்சத்துக்கும் மேல் இருந்ததால் குலுக்கல் நடந்தது. இவர்க்கு 1985 கடைசியில் வண்டி வந்தது. 2007 வரை வைத்திருந்தார். ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதையும் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறார். நோட்டைப் புரட்டிக்கொண்டே அவர் சொன்னது: "எங்க அப்பா ஃபியட் வெச்சிருந்தார்ப்பா. ஞாயித்துக்கிழமைன்னா பானட்டைத் திறந்துண்டு நிப்பார். பிளக்கைக் கழட்டித் துடைக்கணும், பாயின்ட் சரி பார்க்கணும், கிரீஸ் அடிக்கணும். அது ஒரு பூஜை மாதிரி. மாருதி வந்தப்புறம் எனக்கு ஞாயித்துக்கிழமை மிஞ்சிடுத்து." அருகிலிருந்த அவர் மனைவி குறுக்கிட்டு, "நான் நாப்பது வயசுக்கு மேல கார் ஓட்டக் கத்துண்டது அந்த வண்டியிலதான். ஃபியட் கிளட்சை அழுத்தி, கியரைத் தேடி… யாரால ஆகும்?" என்றார். இது சிறு செய்தியன்று. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் பலவும் மாருதி 800-ஐ வாங்கின. நம் அன்னையரிலும் அக்காமாரிலும் பலர் கை பழகியது அதில்தான். 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை இருபத்தைந்து இலட்சத்துக்கு மேல் வெளிவந்த வண்டி அது.

சொந்தக்காரர்கள் இப்படி மாறிக்கொண்டிருக்க, டாக்சிக்காரர்கள் மட்டும் பத்மினியை விடவில்லை. மாருதி வந்து இருபது ஆண்டு ஆனபின்னும் பத்மினி டாக்சி புதிதாகப் பதிவாயிற்று. கடைசி வண்டி தார்தேவ் அலுவலகத்தில் பதிவானது 2003 அக்டோபர் 29 அன்று. ஏன்? தாராவியில் இருக்கும் என் சித்தப்பாவைக் கேட்டேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1978-இல் வந்தவர். டாக்சி ஓட்டியே எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரைப் படிக்கவைத்தவர். அந்த மூவரில் நானும் ஒருவன்.

அவர் சொன்ன காரணம் ஸ்பேனர். பத்மினியில் கெடக்கூடியவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கலினா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து குர்லாவை நோக்கிச் செல்லும் சி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும் பழைய இரும்புக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். கழற்றிப் போட்ட வண்டியின் பாகத்தை எடைக்கு வாங்கி, அன்று மாலையே பூட்டி, இரவு சவாரிக்குப் போய்விடலாம். ஆலையோ பக்கத்தில். ஆலையில் வேலை செய்தவரும், அங்கிருந்து நின்றவரும், அவரிடம் தொழில் பழகியவருமாகக் குர்லாவிலும் தாராவியிலும் சந்துக்கொரு பட்டறை. வண்டியின் குறையே அத்தனை பேர்க்குப் பிழைப்பு. பழுதடையாத கார் அந்தப் பிழைப்பைப் பறிக்கும் என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

இங்கே ஒரு பாடத்தை எஞ்சினைத் திறந்தே பார்க்கவேண்டும். பழைய எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலப்பது கார்புரேட்டர். எந்தச் சிலிண்டருக்கு எப்போது மின்பொறி என்று பகிர்வது டிஸ்ட்ரிபியூட்டர். இரண்டும் வெறும் இயந்திர உறுப்புகள். 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் கடுமையானபோது கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை வந்தது. அளப்பது ஒரு சிறு கணிப்பெட்டி. அதற்குச் செய்தி கொண்டுசெல்லும் உணர்கருவிகள் பல. புகை குறைந்தது, எரிபொருள் மிச்சமாயிற்று. ஆனால் கெட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

2005 ஜூலை 26 அன்று இது சோதனைக்கு வந்தது. ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லாவும் கலினாவும் மூழ்கின. சித்தப்பாவின் பத்மினி கூரை மட்டும் தெரிய இரண்டு நாள் நீரில் நின்றது. நீர் வடிந்ததும் அவர் செய்தவற்றை வரிசையாகச் சொன்னார். முதலில், சாவியைத் திருப்பவேயில்லை. பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழலவைத்து, சிலிண்டருக்குள் புகுந்த நீரை அந்தத் துளைகள் வழியே வெளியேற்றினார். (காற்று அழுந்தும், நீர் அழுந்தாது, உள்ளே நீர் இருக்கையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். எந்தக் காருக்கும் இது பொருந்தும். அடுத்த மழைக்கு நினைவில் வையுங்கள்.) பிறகு எண்ணெயை இரண்டு முறை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, டிஸ்ட்ரிபியூட்டரை வெயிலில் காயவைத்துப் பூட்டினார். ஐந்தாம் நாள் சவாரி! அதே சந்தில் நின்ற புதுக்கார் ஒன்றின் உரிமையாளர் கணிப்பெட்டி மாற்றுவதற்காகப் பல வாரம் காத்திருந்தாராம். இருக்கையின் சேற்று நாற்றம் மட்டும் பத்மினியை விட்டுப் போக ஓராண்டாயிற்று என்பதையும் சித்தப்பா ஒளிக்கவில்லை.

இத்தனை சொன்னபின் பத்மினியின் பக்கமே சாய்கிறேன் என்று நினைக்கவேண்டா. 1990-இல் பதிவான அந்த வண்டியோடு அவர் பட்ட பாட்டை நான் சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறேன். சி.என்.ஜி. உருளை டிக்கியை அடைத்துக்கொண்டதால் பெட்டிகள் கூரைக் கேரியருக்கு ஏறின. கோடையில் எஞ்சின் சூடு காலைச் சுடும். இரவு பதினொரு மணிக்கு வீடு வந்து, சோறு உண்ணுமுன் அரைமணி நேரம் வண்டிக்கடியில் படுத்திருப்பார். "கைராசிக்கார மெக்கானிக்" என்று ஊர் சொல்லும் புகழ்ச்சிக்குப் பின்னால் இருந்தது தூக்கமில்லாத ஒரு மனிதரின் முதுகுவலி. நம் பெரியவர்கள் பழைய வண்டியைப் பற்றி உருகிப் பேசும்போது இந்த அரைமணி நேரத்தை மறந்துவிடுகிறார்கள்.

சுஸுகியின் பக்கத்துக் குறைகளையும் மறைக்கலாகாது. எடை குறைப்பதற்கு விலை உண்டு. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு காற்றுப்பை இல்லாத ஆல்ட்டோ 800-ஐ மோதவைத்துச் சோதித்தபோது, பெரியவர் பாதுகாப்புக்கு அது பெற்றது பூச்சிய நட்சத்திரம். சுஸுகியின் ஸ்விஃப்ட்டும் அதே ஆண்டு அப்படியே. வேறு கம்பெனிகளின் சிறு கார்களும் அன்று தேறவில்லை என்பது ஆறுதலாகாது. செய்யத் தெரியாமல் அன்று, சட்டம் கேட்காததால் செய்யவில்லை. 2019-இல் ஓட்டுநர்க்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று, விதிகள் இறுகின, 2024-இல் புதிய டிசையர் அதே சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அந்த டிசையரின் வாலைப் பாருங்கள், வெட்டியது போலக் குட்டையாக இருக்கும். நான்கு மீட்டருக்குட்பட்ட சிறு காருக்கு 2006-இல் இந்திய அரசு வரிச்சலுகை தந்தது. அதற்காகவே 2012-இல் டிசையரைக் குறுக்கினார்கள். அன்று ஹமமாட்சுவில் 'கெய்' சட்டத்துக்குள் ஆளை உட்காரவைத்த வித்தை, இங்கே மறுபடியும்!

ஒரே சீருடை, ஒரே உணவுக்கூடம் என்ற கதையும் முழுமையானதன்று. நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சீருடை ஒன்றாயினும் கூலி ஒன்றாக இல்லை. மனேசர் ஆலையில் நீண்டநாள் புகைந்த பிணக்கு 2012 ஜூலை 18 அன்று வன்முறையாக வெடித்தது; மேலாளர் ஒருவர் உயிரிழந்தார்; ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். 2017-இல் நீதிமன்றம் 13 பேர்க்கு ஆயுள் தண்டனை விதித்தது. குற்றம் சாட்டப்பட்டோரில் 117 பேரை விடுவித்தது. விடுவிக்கப்பட்டோரில் பலர் சிறையில் ஆண்டுகளைக் கழித்திருந்தார்கள். முறையை வாங்கி வந்தவர்கள் அதன் எளிய பாதியைத்தான் கடைசிவரை காத்தார்களோ என்று எனக்கு ஐயம்.

மும்பை டாக்சிகளுக்கு இருபது ஆண்டு வயது வரம்பு 2013-இல் நடைமுறைக்கு வந்தது. சித்தப்பாவின் பத்மினிக்கு அப்போது வயது இருபத்துமூன்று. எடைக்குப் போட்டுவிட்டு, அதே பர்மிட்டில் கடன் வாங்கி வாகன்-ஆர் எடுத்தார், ஆலையிலேயே சி.என்.ஜி. பொருத்தி வந்த வண்டி. தவணை ஐந்தாண்டு. முதல் ஆண்டு முழுவதும் அவர் வண்டிக்கடியில் ஒரு நாளும் படுக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு, சொகுசாத்தான் ஓடுது" என்றார். "ஆனா முன்ன வண்டி நின்னா நானே கைய வச்சிருவேம்லா. இப்போ ஒரு வெளக்கு எரியுது. என்னன்னு கேட்டா, கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்ங்கான். பாக்கறதுக்கே ஒரு பில்லு!" பக்கத்துச் சந்தில் பட்டறை வைத்திருந்த அவருடைய நண்பர் இரண்டாண்டுக்குள் கடையை மூடிவிட்டு, செம்பூரில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். கணிப்பெட்டியைப் படிக்கும் கருவியின் பயன்பாட்டை அங்கேதான் கற்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தமாக ஒரு கருவியை வைத்துக்கொண்டு தாராவி டாக்சிகளுக்கு விளக்கின் பொருளைப் பாதி விலைக்குச் சொல்லித் தருகிறார்.

2023 அக்டோபர் முடிவில் மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சியும் சாலையிலிருந்து விலகியது. அன்று ஏராளமானோர் படம் எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பாவுக்கு அன்றும் சவாரி இருந்தது. போகவில்லையா என்று கேட்டதற்கு, மறுநாள் வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும் நாள், அதற்கான காசைச் சேர்க்கவேண்டும் என்றார். அவருடைய வாகன்-ஆருக்கு 2033-இல் இருபது வயது நிறையும்.